ருசி காட்டிக் கட்டிய அறை

கல்லூரியிலிருந்து ஃபோன் வந்தபோது நான் மாமனாரின் பாதத்துக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் மருந்து. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன். சென்னைப் புறநகரில் இருக்கும் ஒரு பெண்கள் கல்லூரி. ஆங்கிலத் துறையில் என்னை எடுத்துக்கொண்டிருப்பதாகவும், ஆடி மாதம் முடிவதற்குள் வந்து சேர வேண்டும் என்றும் ஒரு பெண்மணி சொன்னார். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தையே வரவில்லை.

மாமனார் படுத்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, நல்ல சேதியா?"

"ஆமாம் மாமா. வேலை கெடச்சிருக்குது."

"ரொம்ப சந்தோசம்மா" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் பிறந்த ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த மாகறல் பக்கம். அப்பா நெல்லும் கரும்பும் போடுபவர். ஆங்கிலத்தில் எம்.ஏ., எம்.ஃபில். முடித்துவிட்டு ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது கல்யாணம் ஆகி சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தேன். என் கணவர் பட்டுப் புடவைகளை ஃபோன் வழியாக விற்கிறவர். வாசலை ஒட்டிய அறைதான் அவருடைய கடை. அங்கே விளக்குகளைப் பொருத்தி, ஃபோனை ஒரு கம்பத்தில் மாட்டி, புடவைகளை விரித்துக் காட்டி நேரலையில் பேசுவார். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பெண்கள் பார்த்து வாங்குவார்கள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மாமியார் போய்விட்டார். அடுத்து மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. சர்க்கரை வியாதி முன்பே இருந்தது. பாதத்தில் ஆறாத புண். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. பிள்ளை இல்லாத மருமகள் வீட்டில் இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

கை வருமானத்துக்கு ஒரு வேலை இருந்தது. ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு கைபேசிச் செயலிக்காக, அவர்கள் அனுப்புகிற ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் எழுதி, அவற்றை என் குரலிலேயே பதிவு செய்து அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். எதிரில் பள்ளிக்கூட ஆட்டோக்கள். அதனால் படுக்கையறைப் பீரோவின் கதவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்குள் தலையை விட்டு, மேலே ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவேன். வெளியே வரும்போது தலைமுடியெல்லாம் நனைந்திருக்கும்.

கல்லூரி விஷயத்தை அன்றைக்கே கணவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"போயேன். யாரு வேணாம்னது? அப்பாவுக்கு ஒரு ஆள் பாத்துக்கலாம்" என்றார்.

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. காலையில் எந்த ரயிலைப் பிடிக்கலாம், எந்தப் புடவைகளை வெளியே எடுக்கலாம் என்று மனம் ஓட ஆரம்பித்தது. ஆனால் அந்த ஆளைப் பற்றி அவர் மறுபடி பேச்சே எடுக்கவில்லை. நான் எடுத்தால், "சொல்லி வெச்சிருக்கேன்பா" என்பார். சில நாட்கள் கழித்து ஒரு சாயங்காலம், "மேல வாயேன், ஒண்ணு காட்டணும்" என்று மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார்.

எங்கள் மாடியிலிருந்து பெருமாள் கோயில் கோபுரம் முழுசாகத் தெரியும். அவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு சதுரம் போட்டு வைத்திருந்தார். அதற்குள் நின்றுகொண்டு கையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

"இங்க ஒரு ரூம் போட்டா எப்பிடி இருக்கும்? உனக்குன்னு. இந்தப் பக்கம் ஜன்னல், கோபுரம் தெரியறா மாதிரி. அந்தச் சுவர் முழுக்க புக்ஸ் வெச்சுக்க. சவுண்ட் வராத மாதிரி டபுள் கதவு போட்டுடலாம். ஏசியும் போட்டுடலாம். எத்தினி நாளைக்கு பீரோக்குள்ள தலைய வுட்டுக்கினு பேசுவ?"

அப்படி ஓர் அறை வேண்டும் என்று நான் ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்டதில்லை. அது எனக்குள் இருப்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

"காலேஜு?" என்றேன்.

"அது உன் இஷ்டம். போறதுன்னா போ. ஆனா யோசிச்சுப் பாரு, பாதி நாள் ரயில்லயே போயிடும். வேர்த்து விறுவிறுத்து வருவ. இங்கயே சோக்கா உக்காந்து நீ பாட்டுக்கு உன் வேலையப் பாக்கலாம். அப்பா கொஞ்சம் தேறட்டும். அப்புறம் எந்தக் காலேஜு வேணாலும் போ."

மறுநாள் அம்மாவிடமிருந்து ஃபோன். என்னை எதுவும் கேட்காமலே ஆரம்பித்தாள். "மாப்ள எல்லாம் சொன்னாருடி. மாடியில ரூமே கட்டித் தராராமே. எந்தப் புருசன் செய்வான்? உங்கப்பா எனக்கு ஒரு அலமாரி வாங்கித் தந்தது இல்ல. இன்னும் உனக்கு இன்னா கொற?" அம்மாவுக்கு ஒரு பட்டுப் புடவை கூரியரில் போயிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு வாரம் போல அலைக்கழிந்தேன். யாராவது கத்தியிருந்தால், கூடாது என்று சொல்லியிருந்தால், நானும் கத்தியிருப்பேன். இங்கே எல்லோரும் நல்லதையே சொன்னார்கள். மாமனார்கூட, "ரூமு நல்லா வரும்மா, மேக்கால காத்து அள்ளும்" என்றார். எதிர்க்க எதுவும் கிடைக்காமல் நான்தான் கல்லூரிக்கு ஃபோன் செய்து, வர இயலவில்லை என்றேன். "நல்லா யோசிச்சீங்களாம்மா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். யோசித்தேன் என்றேன். அன்று சாயங்காலம் கணவர் ஜாங்கிரி வாங்கிவந்தார். மாமனார் கண்ணில் படாமல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டோம்.

அறை சொன்னபடியே எழும்பியது. ஒன்றையும் அவர் குறைக்கவில்லை. சுவருக்கு இளம்பச்சை வண்ணம் நான் தேர்ந்தெடுத்தது. இரட்டைக் கதவைச் சாத்தினால் தறிச் சத்தம் வெகு தூரத்தில் கேட்கிற மாதிரி ஆகிவிடும். முதல் சில நாட்கள் அங்கே உட்கார்ந்து என் குரலை நானே கேட்டுப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாக இருந்தது.

பிறகு ஒரு காலை எலக்ட்ரீஷியன் வந்தார். மாமனார் கட்டிலின் ஓரத்தில் ஒரு பொத்தானை வைத்து, அங்கிருந்து கம்பியை இழுத்து வந்து என் மேஜைக்கு நேர் மேலே ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்.

"டபுள் கதவு போட்டாச்சு இல்ல, அப்பா கூப்ட்டா உனக்குக் கேக்காது. பாவம்" என்றார் கணவர். பெட்டியின் அடியில் இருந்த சின்ன விசையை அவரே அழுத்திக் காட்டினார். குருவிகள் கூட்டமாகக் கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "நல்லா இருக்குது இல்ல? டிங்டாங் சத்தம் உனக்குப் புடிக்காதுன்னு இத வாங்கினேன்."

கீழே இருந்தவரைக்கும், மாமனார் கூப்பிட்டால், "இருங்க மாமா, வரேன்" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கலாம். கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுப் போகலாம். குருவிச் சத்தத்துக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. என்ன அவசரமோ என்று இறங்கி ஓடத்தான் வேண்டும். ஓடிப் போய்ப் பார்த்தால் தலையணை சரிந்திருக்கும். இல்லையென்றால் ஃபேனைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். மேலே ஏறி, மறுபடி மைக்கை வைத்து, வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போது திரும்பவும் குருவிகள் கத்தும். படி வெளிப்பக்கம் என்பதால் மழையில் நனைந்துகொண்டும் வெயிலில் காய்ந்துகொண்டும் ஏறி இறங்கினேன். கணவர் சில நேரம் பக்கத்து அறையிலேயே, அப்பாவுக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பார். மாமனார் அவரைக் கூப்பிட்டால், "லைவ் ஓடிக்கினு இருக்குதுப்பா, பெல்ல அடிங்க" என்பார்.

பெரும்பாலும் மாமனார் அடித்தது சர்க்கரைக்காகத்தான்.

அவர் ஒரு காலத்தில் பெரிய மனைத் தரகர். சுற்று வட்டாரத்தில் எந்த வயல், எந்த வீடு கைமாறினாலும் நடுவில் அவர் இருந்திருப்பார். பேசுகிற கலையெல்லாம் உடம்பு விழுந்த பிறகும் அப்படியே இருந்தது. காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்காக அதையெல்லாம் என்மேல் இறக்குவார். முதலில் என் சமையலைப் புகழ்வார். அடுத்து என் அப்பாவின் நல்ல குணத்தை. பிறகு டாக்டர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பார். கடைசியில், "முழு ஸ்பூனு வேணாம்மா. அரை. சும்மா ஸ்பூன காட்டிட்டு எடுத்துடு" என்று இறங்கி வருவார். நான் சிரித்துவிடுவேன். ஆனால் போட மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் செயலிக்காரர்கள் அனுப்பிய சொற்களில் ஸ்வீட்டன் வந்தது. இனிப்பாக்குவதைக் குறிக்கிற ஆங்கில வினைச்சொல். முதல் பொருள் எளிது. காபியில் சர்க்கரை போடு, கஷாயத்தில் தேன் கலந்து கொடு. அதற்குப் பிறகுதான் சிக்கல். அமிலம் ஏறிப் புளித்துப்போன மண்ணில் சுண்ணாம்பு தூவி அதைப் பதப்படுத்துவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். அதையாவது அப்பாவிடம் ஃபோனில் கேட்டு எழுதிவிட்டேன். கோபமாக இருப்பவரைக் குளிரவைப்பதற்கும் அதுவே. பேரம் பேசும்போது எதிராளி இறங்கி வருவதற்காக ஏதோ ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக் காட்டுவதற்கும் அதுவே. இந்தக் கடைசிப் பொருளுக்குத் தமிழில் எதை எழுதினாலும் வாயில் ஒட்டவில்லை. பேரத்தை இனிமையாக்கினார் என்று ஒருமுறை பதிவு செய்து கேட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது. கொசுறு என்று எழுதிப் பார்த்தேன். சரியாக வருகிற மாதிரி இருந்தது, ஆனால் முழுசாகப் பொருந்தவில்லை.

குருவிகள் கத்தின. இறங்கிப் போனேன். மத்தியான வெயில். கணவர் கூரியர் ஆபீசுக்குப் போயிருந்தார்.

"காபி தாரியாம்மா? இன்னிக்கி மட்டும் நல்ல காபியா."

"தரேன் மாமா. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒருத்தரு நிலத்த விக்க மாட்டேன்னு நிக்கிறாரு. நீங்க மேல எதையோ சேத்துக் குடுத்து சம்மதிக்க வெக்கிறீங்க. அதுக்கு உங்க தொழில்ல என்ன பேரு? கொசுறா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வலது கையை ஊன்றி உட்காரப் பார்த்தார். நான் தலையணையை முட்டுக் கொடுத்தேன்.

"கொசுறு வேறம்மா. வாங்கி முடிச்சப்புறம் கீரைக்காரி கறிவேப்பில போடறாளே, அது கொசுறு. நீ சொல்றது வாங்கறதுக்கு முன்னாடி காட்டறது. நாங்க அத ருசி காட்டறதுன்னு சொல்லுவோம்."

"பணத்த ஏத்திக் குடுக்கறதா?"

"அய்யே! பணத்த ஏத்தினா சந்தேகம் வந்துடும். இவன் ஏன் இவ்ளோ தரான், இதுல இன்னா இருக்குதுன்னு யோசிப்பாங்க. ருசி காட்டறதுன்னா ஆள நோட்டம் வுடணும். அந்த ஆளு மனசுக்குள்ள ஆசப்பட்டு, வெளியில சொல்லாம வெச்சிருப்பான் பாரு ஒண்ணு, அதக் கண்டுபுடிச்சி எடுத்து வெக்கணும். வெச்சா முடிஞ்சுது."

உற்சாகத்தில் ஒரு கதையும் சொன்னார். திருப்புட்குழி பக்கம் தனியாக இருந்த ஓர் அம்மாவுக்கு ரோட்டை ஒட்டி நிலம். யார் போனாலும் விற்க மாட்டேன் என்று கதவைச் சாத்திவிடுவாராம். இவர் நாலைந்து முறை போய்ச் சும்மா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா பேசிக்கொண்டே மூலையில் இருந்த வேப்பமரத்தைப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். இறந்துபோன கணவர் வைத்த மரமாம்.

"அந்த மரத்துல கை வெக்க மாட்டோம்னு வாங்கறவர எழுதிக் குடுக்க வெச்சேன். அந்தம்மா அன்னிக்கே கையெழுத்துப் போட்டுச்சு."

"வெட்டிட்டாங்களா மாமா?"

"வெட்டல. அதான் விசயமே. பொய் சொன்னா தொழில் நிக்காது. நீ பஸ்ல போனா இப்பவும் பாக்கலாம், மரம் அப்பிடியே இருக்குது. சுத்தி குடோனு. அந்தம்மாவுக்கு மரம் மட்டும்தான் நின்னுச்சு. நெலம் போயிடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெயிலில் மாடிப்படியின் இரும்புக் கம்பி ஜன்னல் வழியாகப் பளபளத்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"மாடி ரூம யாரு சொன்னது மாமா?"

அவர் சிரிப்பு நின்றது. போர்வையின் ஓரத்தை வலது கையால் இழுத்து இழுத்துச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"நான்தாம்மா" என்றார்.

அவரே பேசினார்.

"நீ வேலைக்குப் போறேன்னதும் உன் புருசன் இங்க வந்து அழாத கொறையா நின்னான். அவனுக்கு இன்னா தெரியும்? வேணாம்னு சொல்லிடவான்னு கேட்டான். சொல்லாதடா, சொன்னா அவ போயிடுவான்னேன். எனக்கு பயமா இருந்துச்சும்மா. யாரோ ஒரு ஆளு வந்து எனக்குக் கோமணம் கட்டி வுடறத நெனச்சாலே பேஜாராயிடுச்சு. நீ தெனம் அந்த பீரோவுக்குள்ள தலைய வுட்டுக்கினு பேசறத கதவு வழியா இங்கருந்து பாத்துக்கினுதான இருந்தேன். வெளிய வரும்போது உன் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதச் சொன்னேன். அவன் கட்டினான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அதோடு கூடவே இன்னொன்றும் வந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. அந்த வீட்டில் என் முகத்தை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார். என் கணவர் பார்த்ததாக நினைத்து நான் கண் கலங்கியது இந்தக் கட்டிலிலிருந்து வந்த விஷயத்துக்கு.

"அந்த பெல்லு?" என்றேன்.

"அது அவனா பண்ணது. அதுக்கு என்னைக் கொற சொல்லாத."

சமையலறைக்குப் போனேன். பாலைக் காய்ச்சினேன். சர்க்கரை டப்பா கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. டப்பாவைத் திறந்துகூட வைத்தேன். அந்த நேரத்தில் நான் அவருக்குச் சர்க்கரை போட்டிருந்தால் அது பாசத்தில் போட்டதாக இருந்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பயந்து டப்பாவை மூடி மேல்தட்டில் வைத்தேன். வெறும் காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முகர்ந்து பார்த்தார். கடைசி வரைக்கும் குடித்து டம்ளரை என் கையில் கொடுத்தார்.

மேலே போய், பேரத்துக்கு ருசி காட்டினார்கள் என்று எழுதி வாக்கியத்தைப் பதிவு செய்தேன். மாடியில் அறை கட்டித் தருவதாகச் சொல்லி அவளுக்கு ருசி காட்டினார்கள், அவள் வேலையை வேண்டாம் என்றாள். சில நாட்களில் செயலிக்காரர்களிடமிருந்து பதில் வந்தது. தமிழ்ச் சொல் அருமை, ஆனால் வாக்கியம் சோகமாக இருக்கிறது, பாசிட்டிவாக ஒன்று தரவும். கார் தருவதாகச் சொல்லிக் கம்பெனி அவருக்கு ருசி காட்டியது என்று மாற்றிக் கொடுத்தேன்.

மாமனார் சொன்ன அன்றைக்கே கணவரிடம் கேட்டேன். புடவைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பாதான் சொன்னாரு. அதுல என்ன தப்பு?" என்றார். குரலில் உண்மையான குழப்பம். "ரூம் பொய்யா? ஏசி பொய்யா? நான் சொன்னதுல எத செய்யல, சொல்லு."

"எல்லாம் செஞ்சீங்க."

"அப்புறம் என்ன?"

ஏமாற்றப்பட்டேன் என்று சொல்ல முடியவில்லை. எல்லாமே கைக்கு வந்திருந்தது, ஜன்னல் வழியாகக் கோபுரம் தெரிந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. "பெல்ல உங்க ரூமுக்கு மாத்துங்க."

"விளையாடறியா? லைவ் நடக்கும்போது குருவி கத்தினா?"

"எனக்கும் ரெக்கார்டிங் நடக்குது."

அவர் சிரித்தார். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அவர் வெளியே போயிருந்த நேரத்தில் அதே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வெள்ளைப் பெட்டியைக் கழற்றி, புடவை விரிக்கும் மேடைக்கு மேலே மாட்டச் சொன்னேன். மாமனார் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். மகனுக்கு ஃபோன் போடவில்லை.

அன்று சாயங்காலம் நேரலையின் நடுவில் குருவிகள் கத்தின. என்ன பறவை அது, வீட்டில் வளர்க்கிறீர்களா என்று வெளிநாட்டுப் பெண்கள் ஆசையாகக் கேட்டார்களாம். இரண்டாவது தடவை யாரும் ஆசையாகக் கேட்கவில்லை. மாம்பழ வண்ணப் புடவையைப் பாதி விரித்த நிலையில் விட்டுவிட்டு அவர் எழுந்து ஓடியதை நான் படியில் நின்று பார்த்தேன். எங்களுக்குள் பேச்சு நின்றது. குருவிகள் மட்டும் பேசின. பல மாதங்களாகச் சொல்லி வைத்திருந்ததாகச் சொன்ன ஆள் அந்த மாதக் கடைசிக்குள் வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவர், அமைதியானவர். காலையில் வந்து மூன்று மணிவரை இருப்பார். மாமனார் முதல் நாள் அவரிடம் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரிடமும் சர்க்கரை கேட்க ஆரம்பித்தார்.

சென்னைக் கல்லூரிக்கு மறுபடி ஃபோன் செய்தேன். இடம் நிரம்பிவிட்டது.

அதன்பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு மோசமானவை. அறை இருந்தது. சத்தம் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. என்னால் ஒரு வாக்கியம் ஒழுங்காகப் பேச முடியவில்லை. காதைக் கீழேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காரணம் இல்லாமல் இறங்கிப் போய், மாமனார் தூங்குவதைப் பார்த்துவிட்டு ஏறி வருவேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பூட்டு இல்லாத கதவுக்குள் நானே உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் மாமனாருக்கு இரண்டாவது முறை வாதம் வந்தது. உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. வாய் அசையும், காற்று மட்டும் வரும். ஒருநாள் ஸ்பூனில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தார். சர்க்கரையா, வலியா, வேறெதுவுமா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். என்ன சொல்ல வந்தார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் அவருக்காக அழுதேன்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் கணவர் மாடிக்கு வந்தார். அறைக்குள் வராமல் வாசற்படியில் நின்றார்.

"உத்திரமேரூர் ரோட்டுல ஒரு காலேஜ்ல இங்கிலீஷுக்கு ஆள் கேக்கறாங்களாம். கெஸ்ட் லெக்சரர்தான். சம்பளம் கம்மி. போறியா?"

நான் காத்திருந்தேன். அடுத்து என்ன வரும் என்று பார்த்தேன்.

"வேற?" என்றேன்.

"வேற ஒண்ணும் இல்ல. மத்தியானத்துக்கு மேல அப்பாகிட்ட யாராவது இருக்கணும். என்னால முடிஞ்ச நாள் நான் இருக்கேன். எல்லா நாளும் முடியும்னு சொல்ல மாட்டேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் பேசியதிலேயே எனக்கு நம்பிக்கை வந்த பேச்சு அதுதான். "போறேன்" என்றேன்.

இப்போது அந்தக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பஸ் பாலாற்றைத் தாண்டி, நான் பிறந்த ஊருக்குத் திரும்பும் முனை வழியாகப் போகிறது. வகுப்பில் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். முதல் நாள் பின்சுவரைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன். மைக்குக்குப் பேசிப் பேசி, முகங்களைப் பார்த்துப் பேசுவது மறந்திருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வராத நாட்களில் இடைவேளையில் கணவரிடமிருந்து ஃபோன் வரும். அப்பாவோட துண்டு எங்க இருக்குது, அந்த வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா. சொல்வேன். அந்த ஆள் கிளம்புகிற மூன்று மணிக்குள் வீடு சேர வேண்டும் என்பதால் கடைசி வகுப்பு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடுகிறேன். மற்ற ஆசிரியைகள் அந்த நேரத்தில்தான் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். "ஒரு நாளாவது உக்காந்துட்டுப் போங்க மேடம்" என்று கூப்பிடுவார்கள். நாளைக்கு என்று கையசைத்துவிட்டுப் போகிறேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், அடுத்த நாள் பாடத்தை எடுத்துப் படித்துக்கொண்டு வருகிறேன்.